குருதியும் ஓர் அமானிதமே

ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பேணுதல் ஓரளவு எளிது. பணத்தையோ நகையையோ ஒருவர் நம்மிடம் கொடுத்துச் சென்றால், திரும்ப வந்து கேட்பார் என்னும் அச்சமாவது நம்மை நேர்வழியில் நிறுத்தும். கொடுத்தவர் திரும்பக் கேட்கப் போவதில்லை, கேட்கவும் அறியார் என்னும்போது அப்பொருளின் நிலை யாது? அமானிதம் என்னும் சொல்லின் முழு எடையும் அவ்விடத்தில்தான் தெரியவரும்.

இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணம், கொளச்சலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியாகும். அவர்தம் மகளைக் கொல்லம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் மணம் செய்து கொடுத்திருக்கிறார். மகளுக்குப் பேறுகாலம் வந்தது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து சிறிதளவு இரத்தத்தை ஆராய்ச்சிக்கென எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். மகளும் மருமகனும் இசைந்து கையொப்பமிட்டனர். தாயும் சேயும் நலமே. ஆயினும், நண்பரின் மூதாட்டியான தாயாருக்கு மனம் ஆறவில்லை. "பச்சைப் பிள்ளையின் இரத்தத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்களே, அதை வைத்து என்ன செய்கிறார்களோ?" என்று அரற்றிக்கொண்டே இருந்தாராம்.

ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப்பின் நண்பர் நம்மருகே வந்தமர்ந்தார். "ஆலிம்சா, கொடுத்தது தவறா? கொடுத்தபின் அந்த இரத்தத்தில் எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?" என்று கேட்டார். முதற் கேள்விக்கு அங்கேயே விடை கூறினோம். இரண்டாவது கேள்விக்கு விடை காணப் பல நாட்கள் ஆயின. அதன்பொருட்டுப் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் ஈண்டு அன்பர்கள்முன் வைக்கிறோம்.

மணலில் தொடங்கிய கதை

பிறந்த குழந்தையின் இரத்தத்தை அறிவியலார் ஏன் நாட வேண்டும்? இதற்கு விடை நம் மாவட்டத்து மணலில் இருக்கிறது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், இந்நாட்டிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அதன் தடம்பற்றி வந்தவர் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்நாளில் உலகம் தோரியத்தை நாடியது விளக்குக்காக. வாயு விளக்கின் வலைத்திரி வெண்மையாகச் சுடர்விடுவதற்குத் தோரியம் உதவிற்று. கந்தூரி இரவுகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி விளையாடிய நம் தலைமுறைக்கு அந்த வெளிச்சம் நன்கு தெரியும்.

தோரியம் கதிர்வீச்சுடைய பொருள். அது கலந்த கறுப்பு மணல், நம் கரையிலிருந்து கொல்லம் மாவட்டத்துச் சவறை, நீண்டகரை வரை இடையிட்டு இடையிட்டுப் பரந்துள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை, இவையாவும் ஒரே ஆட்சியின் கீழிருந்த கரைகளே. எல்லைக்கோடு மனிதர் இட்டது; மணலுக்கு அது தெரியாது. நீண்டகரை முதல் புறக்காடு வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய நிலப்பட்டையில், மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்குக் குறைவாக உள்ள வீடுகளும் உண்டு. 45 மில்லிகிரேயை எட்டும் இடங்களும் உண்டு. உலக மக்கள் இயற்கையிலிருந்து எல்லா வழிகளிலும் பெறும் கதிர்வீச்சின் சராசரி, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்டு என்பர். இவ்வகைக் கதிருக்கு இவ்விரு அளவைகளும் ஏறத்தாழ ஒன்றே எனக் கொண்டு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும்.

தலைமுறை தலைமுறையாக இம்மணலில் பிறந்து, இம்மணலில் உறங்கி, இம்மணலிலேயே அடங்கும் மக்களின் உடலில் அது ஏதேனும் செய்கிறதா? 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, மனித மரபின்மீது கதிர்வீச்சின் விளைவை ஆராயத்தக்க இடங்களுள் ஒன்றாக இக்கரையைச் சுட்டியது. 1986 முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், கொல்லத்தில் உள்ள தம் ஆய்வகத்தில், இப்பகுதி மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து வந்தனர். நண்பரின் பேரக் குழந்தையின் இரத்தம் நாடப்பட்டதன் பின்னணி இதுவாகும்.

கொடையா, அமானிதமா?

மார்க்கச் சட்டம் இரத்தத்தை எவ்வாறு நோக்குகிறது? உடலுக்குள் ஓடும்வரை அது உயிரின் ஊர்தி. வெளியே வழிந்துவிட்டால் அது நஜீஸ். ஆடையில் பட்டால் கழுவ வேண்டும். இரத்தம் வழிந்தால் ஒளு முறியும் என்பது ஹனபி மத்ஹபு. முறியாது என்பது ஷாபிஈ மத்ஹபு. இவற்றை மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவர். ஆனால், அதே பிக்ஹு நூல்கள் இன்னொன்றையும் கூறுகின்றன. மனிதனிடமிருந்து பிரிந்த மயிரையும் நகத்தையும் இரத்தத்தையும் மண்ணில் புதைப்பது விரும்பத்தக்கது என்பதே அது. ஆதமுடைய மக்கள் கண்ணியப்படுத்தப்பட்டவர்கள். அவர்களிடமிருந்து உதிர்ந்ததற்கும் அக்கண்ணியத்தில் ஒரு பங்குண்டு. இரத்தத்தின் விலையைப் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள் என்னும் ஹதீஸையும் நாம் ஓதியிருக்கிறோம். அழுக்கென்று கழுவச் சொன்ன ஒன்றையே சரக்காக்கிவிடாதே என்றும் கூறும் சட்டத்தின் நுட்பம் எண்ணியெண்ணி வியக்கத்தக்கது.

இரத்தத்தை ஆராய்வது மார்க்கக் கல்விக்குப் புறம்பானதன்று. இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்தே இடப்புறம் வந்து சேர்கிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிய இப்னு நபீஸ், மருத்துவர் மட்டுமல்லர். ஷாபிஈ சட்டம் கற்பித்த ஆசிரியருமாவார். 1288இல் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து மார்க்கச் சட்டமும் தம் நெஞ்சத்து இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று தம் நூலிலேயே குறித்துள்ளார். அறிவு வேட்கையும் இரக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருந்ததற்கு அவர் சான்று.

ஆகவே நண்பரின் முதற் கேள்விக்கு விடை எளிது. கொடியைக் கட்டி அறுத்தபின் அதில் எஞ்சி நிற்கும் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. கேளாமல் எடுக்கவில்லை, விற்கவும் இல்லை. மண்ணுக்குள் போகவிருந்த ஒன்றால் மக்களுக்கு ஒரு நன்மை விளையுமானால், கொடுத்தது நற்செயலே.

இரண்டாவது கேள்விதான் கடினம். சட்டத்தில் ஹிபத் என்றொன்று உண்டு, அது கொடை. கொடுத்துக் கைப்பற்றிய பின் அது பெற்றவரின் சொத்து. வதீஅத் என்றொன்று உண்டு; அது பாதுகாக்கக் கொடுத்த பொருள். கேட்டபோது அப்படியே திருப்பித் தர வேண்டும். ஆய்வுக்குக் கொடுத்த இரத்தம் இவற்றுள் எது? திருப்பித் தர இயலாது, ஏனெனில் சோதனையிலேயே அது தீர்ந்துபோகிறது. முழுக் கொடையென்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. தாய் கொடுத்தது சில துளி நீர்ப்பொருளை மட்டுமன்று. தன் குலத்தைப் பற்றியும் தன் மண்ணைப் பற்றியும் ஓர் உண்மை அதற்குள் அடங்கியிருக்கிறது. நாம் கண்ட முடிவு இது: இரத்தம் கொடை, அதனுள் இருக்கும் உண்மை அமானிதம். முன்னதைச் செலவழிக்கலாம். பின்னதைச் சிதையாமல் காத்து, உரியவரிடம் சேர்த்தே ஆக வேண்டும்.

சோதனைக்குழாயின் இஸ்னாது

அவ்வுண்மையைச் சிதையாமல் காப்பது எத்துணை அரிய பணி என்பதை, ஆய்வகங்களின் செயல்முறையைக் கற்றபோதுதான் உணர்ந்தோம்.

இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் போன்ற மருந்திட்ட குழாயில் அது எடுக்கப்படுகிறது. எடுத்தவுடன் குழாயை மெல்லப் பலமுறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிடில் இரத்தம் கட்டியாகும். வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். வெயிலிலும் வைக்கலாகாது, உறைபனியிலும் வைக்கலாகாது. நாட்கணக்கில் தாமதிக்கவும் கூடாது. அவர்கள் தேடுவது சிவப்பணுக்களை அன்று; நோயை எதிர்த்து உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் லிம்போசைட் எனப்படும் வகையை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, லிம்போசைட்டில் உண்டு. குலத்தின் ஏடு அதற்குள் இருக்கிறது.

இக்காவல் அணுக்களைத் தனியே பிரிக்கும் எளிய முறையொன்றை 1968இல் நார்வே நாட்டு ஆர்னே பாயும் வெளியிட்டார். ஃபிக்கால் என்னும் பொருள் கரைந்த, அடர்த்தி 1.077 உடைய நீர்மத்தைக் குழாயில் ஊற்றி, அதன்மேல் உப்புநீரில் கலந்த இரத்தத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாய் இறக்குவர். இரண்டும் கலந்துவிட்டால் உழைப்பு வீண். பின்னர்ச் சுழற்பொறியில் ஏறத்தாழ அரைமணி நேரம் சுழற்றுவர். நிறுத்தும்போது தடை போடாமல், பொறி தானே ஓய்ந்து நிற்கும்வரை காத்திருப்பர். பிறகு குழாயை நோக்கினால், அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் தெளிநீர், இடையில் மெல்லிய வெண்மேகம் போன்ற ஒரு வளையம். நாடிய அணுக்கள் அவ்வளையத்தில் உள்ளன. அவற்றை உறிஞ்சியெடுத்து, கழுவி, டிரிப்பான் என்னும் நீலச் சாயமிட்டுப் பார்ப்பர். செத்த அணு சாயத்தை ஏற்கும். உயிருள்ள அணு ஏற்காது.

குரோமோசோம்களைக் காண்பதற்கு வேறொரு வழி. இரத்த ஓட்டத்தில் லிம்போசைட்டுகள் பிளவுறாமல் உறங்குவன போல் இருக்கும். சிவப்பு பீன்ஸ் விதையின் சாறு ஒன்றைச் சிவப்பணுக்களைத் திரட்டி ஒதுக்குவதற்காக ஆய்வகங்கள் பயன்படுத்தி வந்தன. அதுவே உறங்கும் லிம்போசைட்டை எழுப்பிப் பிளவுறச் செய்கிறது என்பதை 1960இல் பீட்டர் நோவல் கண்டார். உடலின் சூடாகிய 37 பாகையில் இரண்டு மூன்று நாட்கள் வளர்த்தபின், பிளவை நடுவழியில் நிறுத்தக் கால்சிசின் வகை மருந்தை இடுவர். மூட்டு நோய்க்கு அரபு மருத்துவர்கள் வழங்கிய சூரிஞ்சான் கிழங்கிலும், நம் வேலிகளில் பூக்கும் செங்காந்தளிலும் உள்ள பொருளே கால்சிசின். பின்னர் அணுக்களை உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்து, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணுவர்.

இந்த ஊறவைக்கும் சிறு செயல் எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மனிதனின் குரோமோசோம்கள் 48 என்று 1923 முதல் முப்பதாண்டுக்கு மேலாக நூல்கள் கூறிவந்தன. எண்ணியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்கள் கண்முன் இருந்த தயாரிப்பில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. அணுவை உப்பச் செய்து அவற்றை விலகவைக்கும் முறை வந்தபின்னரே, 1956இல் ஜியோ, லெவான் என்னும் இருவர் அவை 46 என்று கண்டனர். தயாரிப்பு செம்மையுறாதவரை உண்மை கண்முன் இருந்தும் தெரியவில்லை.

இதைப் படித்தபோது நமக்கு ஹதீஸ் கலையே நினைவுக்கு வந்தது. பெருமானாரின் சொல் ஒன்று நம்மை வந்தடைவது ஒரு சங்கிலியின் வழியாக. அதனை இஸ்னாது என்கிறோம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள அறிவிப்பாளரிடம் இரண்டு பண்புகளைத் தேடுவார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றொன்று ளப்த், அதாவது பெற்றதைப் பிழையின்றிக் காத்து ஒப்புவிக்கும் திறம். தொழுகையில் நிலைத்தவர், பொய்யே அறியாதவர், ஆயினும் நினைவாற்றல் குன்றியவர் என்றால், அன்னாரின் அறிவிப்பை ளயீபு என்று ஒதுக்குவார்கள். அன்னாரின் சுவனத்தைக் குறித்து ஐயமில்லை. அறிவிப்பைக் குறித்துத்தான் ஐயம்.

சோதனைக்குழாய்க்கும் ஓர் இஸ்னாது உண்டு. தாயிடமிருந்து செவிலி, செவிலியிடமிருந்து எடுத்துச் செல்பவர், அவரிடமிருந்து வளர்ப்பவர், சாயமிடுபவர், எண்ணுபவர் என அது நீள்கிறது. இவர்களுள் ஒருவர் சோம்பினால் போதும். அறிவிப்பு முழுவதும் ளயீபாகிவிடும். நல்ல ஆய்வகங்களில், எண்ணுபவருக்கு இது எந்த ஊர் இரத்தம் என்று தெரியாதவாறு குறியெண் மட்டுமே இடுவர். விருப்பு வெறுப்பு கண்ணை மயக்கும் என்பதை அவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன் நமக்கே ஓர் அனுபவம் நேர்ந்தது. ஓர் ஊரில் நாம் கொடுத்த இரத்தத்தின் சோதனைத்தாள் கொடிய நோயொன்றைக் குறித்தது. மூன்றிரவுகள் உறக்கமின்றிக் கிடந்தோம். மீண்டும் சோதித்தபோது, பெயர்ச்சீட்டு மாறிவிட்டது என்று தெரிந்தது. வீட்டார் ஷுக்ரு செய்தார்கள். நமக்கோ வேறொரு நினைவு எழுந்து மகிழ்ச்சியைக் குலைத்தது. அந்நோய்க்கு உரியவர், நம்முடைய நலத்தைத் தம்முடையதென்று எண்ணி, அம்மூன்றிரவுகளும் நிம்மதியாக உறங்கியிருப்பாரே! சீட்டு ஒட்டிய கைக்குத் தீய எண்ணம் ஏதும் இருந்திராது. குறைந்தது ளப்த் மட்டுமே.

சாட்சியின் எல்லை

இக்கரையின் இரத்தம் என்ன சாட்சி கூறிற்று? முதலில் எழுந்த குரல் அச்சமூட்டுவது. 1976இல் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார், சவறைப் பகுதியில் டவுன் நோய்க்குறியுடையோர் மிகுதி என எழுதினர். அவர்களின் ஒப்பீட்டு முறையை மறுத்தோரும் உண்டு. பின்னர்க் கொல்லத்து ஆய்வகத்தார் 27,285 குழந்தைகளின் கொடி இரத்தத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட அணுக்களைப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். கதிர்வீச்சு மிகுந்த இடத்துக் குழந்தைகளுக்கும் ஏனைய இடத்துக் குழந்தைகளுக்கும் குரோமோசோம் குறைகளில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்பது அம்முடிவு. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வும், கதிர்வீச்சின் அளவுக்கேற்பப் புற்றுநோய் பெருகக் காணவில்லை என்று 2009இல் கூறிற்று. எனினும், தாய்வழி வரும் மரபுப்பொருளில் மாற்றங்கள் மிகுந்திருக்கக் கண்டதாக 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலான சாட்சிகள் ஆறுதல் அளிக்கின்றன. ஒன்றிரண்டு குரல்கள் மாறி ஒலிக்கின்றன. உள்ளது உள்ளபடி கூறினால் இதுவே நிலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாட்சி, தான் கண்டதற்கு மேல் பேசலாகாது. 2024இல் நம் மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கரையோர மக்கள் எதிர்த்தபோது, அச்சமும் ஆறுதலும் இருபுறமும் பேசப்பட்டன. மேற்சொன்ன ஆய்வுகள் மணலின்மேல் வாழ்வதைப் பற்றியவை. மணலைத் தோண்டுவதைப் பற்றியவை அல்ல. அவற்றைக் காட்டித் தோண்டினால் தீங்கில்லை என்று சாதிப்பதும், அவை இருக்கவே இல்லை என்பதுபோல் பாவித்து மக்களை அச்சுறுத்துவதும் ஒரேவகைக் குற்றமாகும். இரண்டிலும் ஒரு தாய் ஒப்படைத்த உண்மை திரிக்கப்படுகிறது.

விடை யாரைச் சேர வேண்டும்?

அமானிதம் உரியவரிடம் சேர்க்கப்பட வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. இவ்வாய்வுகளின் முடிவுகள் அச்சேறுவன ஆங்கில அறிவியல் ஏடுகளில். கொடி இரத்தம் கொடுத்த தாய்மாருள் அவ்வேடுகளைப் படிப்போர் எத்தனை பேர்? உலகத்துக்குச் சொல்லியாயிற்று என்பது உரியவரிடம் சொன்னதாகாது. கடன் வாங்கியவர், கடன் கொடுத்தவரின் ஊர்ச் சந்தையில் பணத்தை வைத்துவிட்டு வந்தேன் என்றால் எந்தக் காழி ஒப்புவார்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பாமர மக்களிடம், "பெரும்பாலும் தீங்கில்லை, எனினும் முற்றும் தெளிவில்லை" என்று கூறினால் குழம்புவார்கள், வீணே அஞ்சுவார்கள் என்பர். இதனை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. அச்சம் பரப்புவது பாவமே. ஆனால், நம் கரையின் மக்களை எண்ணிப் பாருங்கள். வானத்தின் ஒரு மூலையில் கறுத்த மேகத்தைக் கண்டு, போகலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு விடியலிலும் முடிவு செய்பவர்கள் அவர்கள். முற்றும் தெளியாத செய்தியோடு வாழ அவர்களைவிடக் கற்றவர் யார்? மெய்யாகவே குழப்புவது மௌனம். மௌனம் விட்ட இடத்தில் வதந்தி வந்து குடியேறுகிறது.

கொடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. தாம் எதிர்பார்த்த விடை வந்தால் ஏற்பதும், வராவிட்டால் ஐயுறுவதும் முறையன்று. தீங்கில்லை என்னும் செய்தியையும் செய்தியென்று ஏற்கும் நெஞ்சம் வேண்டும். கேட்பவரிடமும் அதாலத் இல்லையேல், இஸ்னாது கடைசிக் கண்ணியில் அறுந்துவிடும்.

நண்பரை மறுபடியும் சந்தித்தோம். "இரத்தத்தில் உங்களுக்கு உரிமையில்லை, அது கொடுத்தாயிற்று. அதிலிருந்து அவர்கள் அறிந்ததில் உங்களுக்கு உரிமையுண்டு. போய் மரியாதையோடு கேளுங்கள், நம் மொழியில் சொல்லும்படி கேளுங்கள்" என்றோம். மேற்கூறிய முடிவுகளை எளிய சொற்களில் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம். அவர் அதைத் தம் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம். அம்மூதாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "இத்தனை ஆயிரம் பிள்ளைகளோடு நம் பிள்ளையையும் எண்ணியிருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த எண்ணிக்கை முடிந்தபின் பிறந்த பிள்ளை என்பதால், இனி வரும் எண்ணிக்கையில் சேரும் என்று நண்பர் கூறியிருக்கிறார். "அப்படியானால் பத்திரமாக எண்ணச் சொல்" என்றாராம் அவர்.